குற்றவாளிக் கூண்டில் அறிவியலாளர்: வாழ்க்கை வரலாற்று நாடகமும் அறிவியலின் சமூகப் பொறுப்பும்

வாழ்ந்து மறைந்தோரின் வரலாற்றை நாடகமாக்கிக் காணும் வழக்கம் தமிழுக்கு நெடுநாளையது. அடியார் வரலாறுகள் கூத்திலும் மேடையிலும் ஆடப்பட்டன. பின்னர் விடுதலைப் போராட்ட வீரரும் புலவரும் சீர்திருத்தத் தலைவரும் திரையேறினர். ஆயினும் அறிவியலாளர் ஒருவரைத் தலைமைமாந்தராகக் கொண்ட படைப்புகள் நம்மிடையே மிகச் சிலவே. ஞான ராஜசேகரன் இயக்கிய ‘ராமானுஜன்’ (2014), மாதவன் எழுதி இயக்கி நடித்த ‘ராக்கெட்ரி: நம்பி விளைவு’ (2022) ஆகிய இரண்டும் உடனே நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் பின்னதை மையமாக வைத்து, அறிவியலின் சமூகப் பொறுப்பு என்னும் பொருளை வாழ்க்கை வரலாற்று நாடகம் எவ்வாறு கையாள்கிறது, எவ்விடத்தில் நழுவவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நாடகம் என்னும் சொல்லை மேடைக்கும் திரைக்கும் பொதுவாகவே இங்கு ஆள்கிறோம்.

இவ்வாய்வுக்கு வித்திட்டது நூலகமன்று. ஜொகூர் பாருவில் தமிழாசிரியர்கள் சிலருடன் இப்படத்தைப் பற்றி உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. படம் பலரையும் உருக்கியிருந்தது. பாசிர் கூடாங் வட்டாரத்தில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் மட்டும் வேறொரு வினாவை எழுப்பினார். அறிவியலாளருக்கு நாடு இழைத்த கொடுமை படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அறிவியலாளர் ஊருக்கு என்ன கடமைப்பட்டவர் என்பது எங்கே தெரிகிறது என்று அவர் கேட்டார். அவ்வினா எம்மூரில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாசிர் கூடாங்கில் நிகழ்ந்தது எதுவென்பதை ஜொகூர் மக்கள் மறந்துவிடவில்லை. அதனைப் பின்னர்க் காண்போம்.

நம்பி நாராயணனின் வரலாற்றுக் குறிப்புகள் சில இங்குத் தேவைப்படுகின்றன. 1941இல் நாகர்கோவிலில் பிறந்தவர். மதுரையில் பொறியியல் பயின்றவர். தும்பா ஏவுகணை நிலையத்தில் பணியில் சேர்ந்து, 1969இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று லூய்ஜி குரோக்கோ என்னும் பேராசிரியரிடம் திரவ எரிபொருள் உந்துவியல் கற்றவர். இந்தியா திட எரிபொருளையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில், எதிர்காலம் திரவ எரிபொருளுக்கே உரியது என்று வலியுறுத்தியவர். பிரான்சு நாட்டுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்வழி, இந்தியப் பொறியாளர் குழுவொன்றுடன் வெர்னோன் நகரில் தங்கி ‘வைக்கிங்’ எந்திரத்தின் நுட்பத்தைக் கற்றுவந்தார். அதிலிருந்து உருவானதே ‘விகாஸ்’ எந்திரம். 2008இல் சந்திரயானையும் 2013இல் மங்கள்யானையும் சுமந்துசென்ற ஏவுகலங்களின் இரண்டாம் அடுக்கில் இருந்தது அவ்வெந்திரமே.

1994 நவம்பர் 30ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். ஏவுகலத் தொழில்நுட்ப மறைசெய்திகளை மாலத்தீவுப் பெண்கள் இருவர்வழி அயல்நாட்டிற்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது நாள் காவலில் இருந்தார். 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை அவ்வழக்கில் உண்மையில்லை என்று அறிக்கையளித்தது. மாநில அரசு மீண்டும் புலனாய்வு செய்ய முற்பட்டதை 1998இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2018 செப்டம்பர் 14ஆம் நாள், அவர் தேவையின்றிக் கைது செய்யப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார் எனக் கூறி 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அதே நீதிமன்றம் ஆணையிட்டது. 2019இல் பத்ம பூஷண் விருது வந்தது. கைதுக்கும் விருதுக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

இவ்வரலாற்றை நாடகமாக்க விரும்புவோர் எந்த வடிவத்தைத் தெரிந்தெடுப்பர்? தமிழ்ச் சூழலில் விடை முன்னரே ஆயத்தமாக இருக்கிறது எனலாம். பி. ஆர். பந்துலுவின் ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) வகுத்துக் கொடுத்த வடிவம் அது. ஆற்றல்மிக்க ஒருவர் நாட்டுக்காக அரியதொன்றைச் செய்கிறார், சிறைப்படுகிறார், உடல் நைகிறது, குடும்பம் சிதைகிறது, எந்நாட்டுக்காக உழைத்தாரோ அந்நாடு அவரைக் கைவிடுகிறது. செக்கிழுத்த காட்சியைக் கண்டு கண்ணீர் சிந்திய தலைமுறையினர் நம்மிடையே இன்றும் உள்ளனர். ‘ராக்கெட்ரி’ இதே தடத்தில் செல்கிறது. கப்பலின் இடத்தில் ஏவுகலமும், செக்கின் இடத்தில் காவல்துறை விசாரணை அறையும் அமைகின்றன. மனைவி மீனாவின் மனநிலை சிதைவதும், கொட்டும் மழையில் கணவனும் மனைவியும் ஆட்டோவிலிருந்து இறக்கிவிடப்படுவதும் படத்தின் மிக வலிய காட்சிகள். சிம்ரனின் நடிப்பைப் பற்றி இங்கு விரித்துரைக்க இடமில்லை. அக்காட்சிகளைத் தாங்குவது அவரே.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், ஆராயாமல் தண்டித்த அரசவையில் வழக்குரைக்கும் கண்ணகியிடம் போய் நிற்போம். குற்றமற்றவரைக் கள்வரென்று கூறிய அரசை அவையிலேயே குற்றவாளியாக்குவது தமிழ் நெஞ்சம் நன்கு அறிந்த நாடகம். படத்தின் தமிழ் வடிவில் நேர்காணல் செய்பவராக வரும் சூர்யா, இறுதியில் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறார். அப்பொழுது மாதவன் விலகி, உண்மையான நம்பி நாராயணனே திரையில் தோன்றுகிறார். நடிகரும் நடிக்கப்பட்டவரும் இடம் மாறும் அக்கணத்தில் நாடகம் முடிந்து சான்று தொடங்குகிறது. பார்வையாளர் எழுந்து கைதட்டுவதற்கு வேறென்ன வேண்டும்?

கைதட்டல் ஓய்ந்த பின்னர்த்தான் ஆசிரியையின் வினா மீண்டும் வருகிறது. அநீதிக்கு ஆளான அறிவியலாளரின் கதையும், அறிவியலின் பொறுப்பைப் பற்றிய கதையும் ஒன்றல்ல. முதலாவது, சமூகம் அறிவியலாளருக்குப் பட்ட கடனைப் பேசுகிறது. இரண்டாவது, அறிவியலாளர் சமூகத்திற்குப் பட்ட கடனைப் பேசுகிறது. முதலாவது நாடகம் மிக உருக்கமானது. அதனாலேயே இரண்டாவதை விழுங்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழ்ச் சொல்லொன்று இவ்விடத்தில் நமக்குத் துணைசெய்கிறது. ‘பொறு’ என்னும் வினையடியிலிருந்து பொறுப்பும் பொறையும் பிறக்கின்றன. சுமத்தலும் பொறுத்தல், பிழையை மன்னித்தலும் பொறுத்தல். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது பின்னைய பொருளில். ‘ராக்கெட்ரி’ முற்றிலும் பொறையின் நாடகம்: துன்பத்தைப் பொறுத்தவர், இறுதியில் பொறுத்தருளுமாறு வேண்டப்படுகிறார். சுமத்தல் என்னும் முன்னைய பொருளில் பொறுப்பு, அப்படத்தில் ஒரே இடத்தில்தான் கூர்மையாகத் தலைகாட்டுகிறது.

பிரான்சில் குழு பணியாற்றும்போது, உன்னி என்னும் பொறியாளரின் குழந்தை தாயகத்தில் இறந்துவிடுகிறது. செய்தி நம்பிக்குத் தெரிகிறது. எந்திரச் சோதனை முடியும் வரை அதனை உன்னியிடம் அவர் மறைக்கிறார். சோதனை வெற்றி பெற்ற பின்னரே உண்மை வெளிப்படுகிறது, உன்னி வெடித்தெழுகிறார். ஒரு மனிதனின் துயரத்தை அவனுக்கே தெரியாமல் ஒத்திவைக்கும் உரிமையை, ஓர் எந்திரத்தின் பெயரால் ஒருவர் எடுத்துக்கொள்ளலாமா? நாட்டுக்கான பணி என்று சொல்லிவிட்டால் அது அமைந்துவிடுமா? மிகப் பெரிய வினாக்கள் இவை. படம் அவ்விடத்தில் நின்றிருக்கலாம். ஆனால் அது விரைந்து கடந்துவிடுகிறது. தலைவனின் உறுதிப்பாட்டுக்கு மற்றொரு சான்றாக அந்நிகழ்ச்சி மாறிப்போகிறது. நம் மதிப்பீட்டில் இப்படத்தின் மிகச் சிறந்த காட்சியும் மிகப் பெரிய இழப்பும் இதுவே.

ஒப்பிட்டுக் காண்பதற்கு ஐரோப்பிய மேடையின் ஒரு நாடகம் வேண்டியிருக்கிறது. பெர்டோல்ட் பிரெக்ட் கலிலியோவைப் பற்றி எழுதிய நாடகத்தைத் தமிழ் நாடகத் துறையினர் அறிவர். 1938-39இல் டென்மார்க்கில் ஏதிலியாக வாழ்ந்தபோது அதன் முதல் வடிவத்தை அவர் எழுதினார். 1633இல் திருச்சபை மன்றத்தின்முன் கலிலியோ தம் கொள்கையை மறுத்துரைத்தது அவ்வடிவத்தில் ஒரு தந்திரமாகவே காட்டப்பட்டது. தலை தப்பினால் ஆராய்ச்சி தொடரும். ஆராய்ச்சி மறைவாக எல்லை கடந்தால் உண்மை வாழும். நாசிக் கொடுங்கோன்மையின்கீழ் உண்மையைக் கடத்த வேண்டியிருந்த காலத்துக்கு அது பொருத்தமான செய்தி. கலிலியோவின் இறுதிப் பெருநூல் 1638இல் லெய்டன் நகரில் அச்சேறியது வரலாறு.

பின்னர் 1945 ஆகஸ்டு 6 வந்தது. அமெரிக்காவில் சார்லஸ் லாட்டன் என்னும் நடிகருடன் அந்நாடகத்தை ஆங்கிலத்தில் திருத்தியமைத்துக் கொண்டிருந்த பிரெக்ட், இரோசிமாச் செய்திக்குப் பின் தம் தலைமைமாந்தரையே வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினார். 1947இல் மேடையேறிய வடிவத்தில் கலிலியோவின் மறுத்துரைப்பு தந்திரமன்று, குற்றம். அதிகாரத்துக்குப் பணியாமல் நிற்க அறிவியலுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பைத் தாம் பாழாக்கிவிட்டதாகவும், அறிவை ஆள்வோர் கையில் ஒப்படைத்துவிட்டதாகவும் முதிய கலிலியோ தம் மாணவர் அந்திரேயாவிடம் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொள்கிறார். மருத்துவர்க்கு உறுதிமொழி இருப்பதுபோல அறிவியலாளர்க்கும் ஒன்று இருந்திருக்கலாம் என்னும் எண்ணமும் இந்நாடகத்தில் எழுகிறது. கிழக்குப் பெர்லினில் மூன்றாம் வடிவத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதே 1956இல் பிரெக்ட் காலமானார்.

ஒரே நிகழ்ச்சி, ஒரே மாந்தர், ஒரே ஆசிரியர். உலகம் மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது. திருச்சபையின் அநீதியைப் பிரெக்ட் மறுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அநீதிக்கு ஆளானவர் என்பதற்காகக் கலிலியோவை விசாரணையிலிருந்து அவர் விடுவிக்கவும் இல்லை. வேறொருவர் செய்த தொலைநோக்கியைத் தம் கண்டுபிடிப்பென்று வெனிசு ஆட்சியாளரிடம் விற்பவராகவும், வயிற்றுக்கு அடிமையாகவும், மகளின் வாழ்வைப் பொருட்படுத்தாதவராகவும் அவர் மேடையில் உலவுகிறார். தமிழில் இத்தகைய துணிவை இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’ போன்ற நாடகங்களில் காண்கிறோம். அங்கும் தலைமைமாந்தர் வணங்கப்படுபவரல்லர், ஆராயப்படுபவர். ஆனால் அறிவியலாளரைப் பற்றி அவ்வாறொரு தமிழ் நாடகம் எழுதப்படக் காணோம்.

தமிழ்த் திரையை மட்டும் குறைகூறுவது நம் நோக்கமன்று. கிறிஸ்டோபர் நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ (2023) உலகெங்கும் பேசப்பட்டது. அணுகுண்டைச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கிய ஒருவரைப் பற்றிய அப்படத்தின் இறுதி ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வது எது? 1954இல் அவருடைய பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்ட விசாரணையும், அதற்குப் பின்னாலிருந்த சூழ்ச்சியுமே. இரோசிமாவின் மக்கள் திரையில் இல்லை. குற்ற உணர்வு காட்டப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் பார்வையாளரின் நெஞ்சு இறுதியில் பதறுவது இறந்தோர்க்காகவா, அவமதிக்கப்பட்ட ஓப்பன்ஹைமருக்காகவா? அதே விசாரணையை 1964இலேயே ஹைனர் கிப்பார்ட் என்னும் செருமானிய நாடகாசிரியர் மேடையேற்றினார். அணுகுண்டுத் திட்டத்திலிருந்து 1944இன் இறுதியில் தம் மனச்சான்றின்படி விலகிய ஜோசப் ரோட்பிளாட்டுக்கு 1995இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவரைப் பற்றி இவ்வளவு பெரிய படம் எதுவும் வரவில்லை. விலகிச் சென்றவரின் வாழ்வில் குற்றவாளிக் கூண்டு இல்லை போலும்!

‘ராக்கெட்ரி’க்குத் திரும்புவோம். அநீதி நாடகம் பொறுப்பு நாடகத்தை விழுங்குகையில் யார் யார் காணாமற்போகின்றனர் என்று கணக்கெடுப்பது பயன் தரும்.

முதலில், உடன் குற்றஞ்சாட்டப்பட்டோர். மரியம் ரஷீதா, ஃபௌசியா ஹசன் என்னும் மாலத்தீவுப் பெண்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தனர். குற்றம் பொய்யென்றால் அவர்களுக்கும் அது பொய்தானே. படத்தில் அவர்கள் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். விருதும் இழப்பீடும் மன்னிப்பும் ஒருவருக்கு வந்தன. ஃபௌசியா ஹசன் 2022 ஆகஸ்டில், படம் வெளிவந்த இரண்டு மாதங்களுக்குள், காலமானார்.

அடுத்து, உடன் உழைத்தோர். 2022 ஆகஸ்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் அறிவியலாளர் சிலர் திருவனந்தபுரத்தில் செய்தியாளரைச் சந்தித்து, படத்தின் பல செய்திகள் உண்மைக்கு மாறானவை என்றனர். நம்பியின் கைதால்தான் இந்தியாவின் கடுங்குளிர் எந்திரத் திட்டம் தாமதமாயிற்று என்பதையும், அப்துல் கலாமின் தவற்றை அவர் திருத்தினார் என்பதையும் அவர்கள் மறுத்தனர். எத்தரப்பு சரி என்று தீர்ப்பளிப்பது தமிழியலாளரின் வேலையன்று. எனினும் சில செய்திகள் பொதுவில் உள்ளவை. 1991இல் உருசிய நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பகுதி, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993இலேயே கைவிடப்பட்டது; அது கைதுக்கு முந்தியது. உள்நாட்டில் செய்த கடுங்குளிர் எந்திரத்துடன் ஏவுகலம் வெற்றியாகப் பறந்தது 2014 சனவரியில். நூற்றுக்கணக்கானோர் இருபதாண்டு உழைத்த பணி அது. வாழ்க்கை வரலாற்று நாடகம் இயல்பாகவே ஒருவரைத் தேர்ந்து ஒளி பாய்ச்சுகிறது. அறிவியலோ கூட்டு உழைப்பு. இவ்விரண்டுக்கும் உள்ள பிணக்கு ஆழமானது. ‘ராமானுஜன்’ இதிலிருந்து தப்பியதற்குக் காரணம், கணிதம் ஓரளவு தனித்திருந்து செய்யத்தக்கதாக இருப்பதே.

இடையில் சொல்லவேண்டிய ஒன்று. படம் வெளிவருமுன் விளம்பர நிகழ்ச்சியொன்றில், செவ்வாய்ப் பயணத்துக்குப் பஞ்சாங்கம் பயன்பட்டது என்று மாதவன் கூறிப் பெரும் எள்ளலுக்கு ஆளானார். வானியல் அட்டவணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பஞ்சாங்கம் என்று சொல்லிவிட்டதாகப் பின்னர் விளக்கி, தவற்றையும் ஒப்புக்கொண்டார். இதனை வெறும் நகைச்சுவையாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வோர் பயன்படுத்தும் ஒரு சொல், கோள்களின் இருப்பைக் கணக்கிடுவதையும் நல்ல நேரம் பார்ப்பதையும் ஒன்றாக்கிவிடக்கூடும். கலைச்சொல்லாக்கத்தில் உழைப்போர் இந்நிகழ்ச்சியை வகுப்பறையில் தாராளமாக எடுத்துக்காட்டலாம்.

மூன்றாவதாகக் காணாமற்போவோர், மக்கள். தும்பா ஒரு மீனவச் சிற்றூர். புவியின் காந்த நடுக்கோடு அதனருகே செல்வதால், மேல்வளிமண்டல ஆய்வுக்கு அவ்விடம் ஏற்றதாயிற்று. 1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் அங்கிருந்த புனித மரிய மதலேனாள் ஆலயத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் கேட்டார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மக்கள்முன் அதனை வைத்தார், ஊரார் இசைந்தனர், வேறிடம் பெயர்ந்தனர். கோயிலே முதல் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ஏவுகலம் பறந்தது. வழிபாட்டிடத்தையும் வீட்டையும் அறிவியலுக்குக் கொடுத்த ஊருக்கு அறிவியல் என்ன திருப்பிக் கொடுத்தது? சாராபாயிடம் இதற்கு விடை இருந்தது. விண்வெளித் தொழில்நுட்பம் வெற்றுப் பெருமைக்கன்று, எளிய மக்களின் வாழ்வுக்கே என்று அவர் கருதினார். அவர் மறைவுக்குப் பின் 1975-76இல் செயற்கைக்கோள்வழி ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி சென்றது அவ்வெண்ணத்தின் பயன். அத்துறையின் தோற்றத்திலேயே சமூகப் பொறுப்பு இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரை நூற்றாண்டு கழித்து இதன் மறுபக்கம் தமிழகக் கரையில் நிகழ்ந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை மீனவ மக்கள் போராடிக்கொண்டிருந்த 2011 நவம்பரில், அப்துல் கலாம் அந்நிலையத்தைப் பார்வையிட்டு அது பாதுகாப்பானது என்று அறிவித்தார். வட்டார வளர்ச்சிக்குப் பத்து அம்சத் திட்டமொன்றையும் முன்வைத்தார். போராட்டக்காரர் அதனை ஏற்கவில்லை. புக்குசிமா நேர்ச்சி நடந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. அவரும் கடலோரத்தவர், இராமேசுவரத்தில் படகோட்டியின் மகன், தும்பாவில் பணியாற்றியவர். நன்மதிப்பில் அவரை விஞ்சிய அறிவியலாளர் தமிழரிடையே இல்லை. அவர் சொல்லியும் அம்மக்கள் ஏன் நம்பவில்லை? அவர் சொன்னது சரியா, தவறா என்பதைவிட இவ்வினாவே நாடகாசிரியருக்கு உரியது. நம் பள்ளி மேடைகளில் கலாமைப் பற்றி எத்தனையோ குறுநாடகங்கள் அரங்கேறுகின்றன: செய்தித்தாள் விற்ற சிறுவன், கனவு காணச் சொன்ன பெரியவர். இடிந்தகரைக் காட்சியை எந்த மேடையிலும் நாம் கண்டதில்லை.

இனி, பாசிர் கூடாங். 2019 மார்ச்சு 7ஆம் நாள், கிம் கிம் ஆற்றையடுத்த பாசிர் பூத்தே பகுதிப் பள்ளிகளில் மாணவர்க்கு மூச்சுத் திணறலும் வாந்தியும் மயக்கமும் ஏற்பட்டன. சட்டத்துக்குப் புறம்பாக ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவிலிருந்து எழுந்த நச்சு வளியே காரணம். சில நாளில் இரண்டாம் அலை வந்தது. மார்ச்சு 13ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மொழி வேறுபாடின்றி மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மாணவர். ஆற்றைத் துப்புரவு செய்வதற்கு அரசு பல இலட்சம் ரிங்கிட்டைச் செலவிட்டது. அதே ஆண்டு சூன் திங்களில் மீண்டும் மாணவர் நோயுற்றனர். மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் அறிவியலாளர் எங்கே இருக்கிறார்? ஒளிவட்டம் பாய்ச்சத்தக்க ஒருவர் இல்லை. ஆனால் பலர் இருக்கின்றனர். மலேசியாவில் தொழிற்சாலைக் கழிவு தொடர்பான 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, பட்டியலிடப்பட்ட கழிவை உண்டாக்குவோர் அதனை அறிவிக்கவும், முத்திரையிட்டுக் காக்கவும், உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்கவும் கடமைப்பட்டவர். எத்தொழிற்சாலையிலும் இதற்குரிய தாளில் வேதியியல் தெரிந்த ஒருவரின் கை பட்டே ஆக வேண்டும். நோயுற்ற மாணவரைச் சோதித்த மருத்துவர், வளியை அளந்த அலுவலர், அளவையின் பொருளை விளக்கவேண்டிய பல்கலைக்கழகத்தார் எனப் பலர் இவ்வரங்கில் நிற்கின்றனர். பெற்றோர் தம் பிள்ளையை மறுநாள் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டபோது, அவ்விடையைச் சொல்லத்தக்கவர் இவர்களே. அறிவியலின் சமூகப் பொறுப்பு பெரும்பாலும் இவ்வாறுதான் வந்து சேர்கிறது: மறுத்துரைக்கச் சொல்லும் திருச்சபையாக அன்று, கையொப்பமிட வேண்டிய ஒரு தாளாக.

நம் நாட்டிலேயே இத்தகைய நாடகத்துக்கு உரிய களம் ஒன்று எழுதப்படாமல் கிடக்கிறது. ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில், அருமண் தொழிற்சாலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து மக்கள் தொடுத்த வழக்கு அது. 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் நிறுவனம் தானே ஆலையை மூடியது. அவ்வழக்கில் இரு தரப்பிலும் சாட்சியம் சொன்னோர் அறிவியலாளர். அதே கதிர்வீச்சு, வெவ்வேறு அளவை, வெவ்வேறு முடிவு. மக்கள் சார்பில் நின்றோருள் சப்பானிய மரபியலறிஞர் சடாவோ இச்சிகாவா குறிப்பிடத்தக்கவர். அப்பகுதிக் குழந்தைகளின் உடல்நலத்தை ஆராய்ந்து நெடுங்காலம் குரல்கொடுத்தவர் தமிழரான மருத்துவர் த. ஜெயபாலன். கூண்டு இருக்கிறது, சாட்சி இருக்கிறது, முரண் இருக்கிறது. மலேசியத் தமிழ் நாடகம் இதனை இன்னும் தொடவில்லை.

உரையாடலைத் தொடங்கி வைத்த ஆசிரியை, பின்னர்த் தம் மாணவரைக் கொண்டு கிம் கிம் ஆற்றைப் பற்றிக் குறுநாடகமொன்று எழுதச் செய்ததாக நமக்குத் தெரிவித்தார். மாணவர் படைத்த மாந்தர் நால்வர்: சரக்குந்து ஓட்டுநர், தலைமையாசிரியர், மயங்கி விழும் மாணவி, தொழிற்சாலை வேதியியலாளர். முதல் மூவருக்கும் உரையாடல் ஒரே கிழமையில் எழுதியாயிற்று. நான்காமவரிடம் வந்தபோது வகுப்பு இரண்டுபட்டது. அவருக்கு எல்லாம் தெரியும், எனவே அவர் தீயவர் என்றனர் சிலர். அவருக்குத் தெரிந்திருக்காது என்று வாதிட்ட மாணவி ஒருத்தியின் தந்தை அத்தொழிற்பேட்டையில்தான் வேலை செய்கிறார். தெரிந்தும் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்திருக்கலாம் என்று மூன்றாவதாக ஒருவன் சொன்னான். ஆசிரியை எத்தரப்புக்கும் தீர்ப்பளிக்கவில்லை. தொழிற்சாலையொன்றில் பணியாற்றும் வேதியியலாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார். நாம் இக்கட்டுரையை எழுதி முடிக்கும்போது அக்காட்சி இன்னும் வெற்றுத் தாளாகவே இருக்கிறது.